ஐந்து பேரில் ஒருத்தி

மாதா துணை
சிவகாசி
12.1.1987

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜோசப் எழுதுவது. இங்கே நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மலையில் இப்போது பனி கொட்டும். அப்பா காலுக்குக் கம்பளி சுற்றிவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். பொங்கல் இதழ் வேலை கழுத்துவரை வந்துவிட்டது. வெளிநாட்டுப் படக்கதையில் வசனம் இருக்கிற பலூன் பலூனாக இங்கிலீஷை வெள்ளையடித்து அழித்து, அதன்மேல் தமிழை எழுதி முடிப்பதற்குள் கண் இரண்டும் சிவந்து, பார்க்கிறவர்கள் மெட்ராஸ் ஐ என்று ஒதுங்கிப் போனார்கள். வேலை என்றால் இப்படித்தான்.

இத்துடன் பருந்து காமிக்ஸ் புது இதழை அனுப்பியிருக்கிறேன். வைரப் படையின் சாகசம். பெயர் 'சரிந்த மலை'. இதுவரை கேப்டன் புயலும் தீக்கண்ணனும்தான் எல்லாப் பக்கத்திலும் பறந்துகொண்டிருந்தார்கள். இந்த முறை ஐந்து பேரில் பாறைமங்கைக்குத்தான் முதல் இடம். வழக்கம்போலக் காப்பிக் கொட்டகையில் படித்துக் காட்டி, யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். 'நன்றாக இருந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். இந்த இதழைப் பற்றி எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்.

வாதத்தில் விழுந்த அப்பாவின் இடது கை இப்போதாவது அசைகிறதா?

அன்புத் தம்பி
மரியஜோசப்


மாதா துணை
வெள்ளக்கடை
25.1.1987

அன்புள்ள தம்பி ஜோசப்புக்கு,

உன் பார்சல் நனைந்து வந்தது. அடுப்புமேட்டில் வைத்துக் காய வைத்திருக்கிறேன். அட்டை மட்டும் ஆப்பம் மாதிரி உப்பிவிட்டது, உள்ளே எழுத்து அழியவில்லை. நீ சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம். கண்ணுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளி.

அப்பாவின் கை அசையவில்லை. இடுப்பில் படுக்கைப் புண் வந்து, இப்போதுதான் காய்கிறது. காலையில் புரட்டி, துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு நான் எஸ்டேட்டுக்கு ஓடுகிறேன். மத்தியானம் செல்வமேரி ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். பக்கத்து ஊடு என்பதற்காக எத்தனை நாள்தான் அவளைத் தொந்தரவு செய்வது? சாயங்காலம் வந்து மறுபடி புரட்ட வேண்டும். அப்பா பேசுவது இப்போது ஓரளவு புரிகிறது. வாட்ச்மேன் வேலை போய் இத்தனை காலம் ஆகியும், தூக்கி உட்கார வைத்தால் முதலில் கேட்பது "கேட்டைப் பூட்டினியா சாமி?" என்பதுதான். பூட்டிவிட்டேன் என்று சொன்னால்தான் வாயைத் திறந்து கஞ்சி வாங்குகிறார்.

புத்தகம் இன்னும் படிக்கவில்லை. காப்பிப் பழம் எடுப்பு முடியவில்லை, கொட்டகையில் உட்கார ஆள் சேரவில்லை.

ஒரு விஷயம். கான்வென்ட் ஹெலன் சிஸ்டர் வந்திருந்தார்கள். கீழே சேலத்தில் பெண் பிள்ளைகள் ஹாஸ்டலுக்கு வார்டன் வேண்டுமாம். எட்டாவது படித்திருந்தால் போதும், என்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்கள். அங்கேயே தங்க வேண்டும். ஜூன் மாதம் ஹாஸ்டல் திறக்கிறது. நீ என்ன நினைக்கிறாய்? யோசித்து எழுது.

அன்பு அக்கா
லூர்துசெல்வி


மாதா துணை
சிவகாசி
3.2.1987

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் புண் காய்வது அறிந்து நிம்மதி. நான் சுகம்.

இங்கே தபால்காரர் தினமும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுகிறார். எல்லாம் 'சரிந்த மலை' பற்றித்தான். காரைக்குடியிலிருந்து ஒருவர், பாறைமங்கை மலையைத் தோளில் தாங்கும் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். நாகர்கோவில் கல்லூரி மாணவர் ஒருவர் இதுதான் வைரப் படையின் தலைசிறந்த இதழ் என்கிறார். மனதைத் தொட்டுவிட்டது என்று ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். திட்டுகிறவர்களும் இல்லாமல் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு ஆள், ஒரு பக்கத்தில் கேப்டன் புயலுக்கு நீல அங்கி, அடுத்த பக்கத்தில் கோடு போட்ட அங்கி, பறக்கும்போதே துணி மாற்றுகிறாரா என்று நக்கலடித்திருக்கிறார். வேலை வெட்டி இல்லாதவர்கள். கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அங்கியைப் பார்க்கிறார்கள். எனக்குச் சோறே இறங்கவில்லை.

உங்கள் கொட்டகைக் கருத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். சீக்கிரம் படித்துவிடுங்கள்.

ஹாஸ்டல் விஷயம் யோசித்து எழுதுகிறேன்.

அன்புத் தம்பி
ஜோசப்


மாதா துணை
வெள்ளக்கடை
22.2.1987

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிந்தேன். பலூனில் எழுத்து எழுதுகிறவனுக்கு யாரோ அங்கியைக் குறை சொன்னால் ஏன் சோறு இறங்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை படித்தேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். நான் படிக்கிற நேரத்துக்கு என் பங்குக் கொட்டையை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, கறுப்பையும் உடைசலையும் பொறுக்கிவிடுவார்கள். குனிந்த தலை நிமிராமல் வேலை நடப்பதால் கணக்கு எழுதுகிற ரைட்டரும் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தில் இருப்பதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

மலை சரிகிறது, சுரங்கத்துக்குள் ஒரு ஊரே மாட்டிக்கொள்கிறது. பாறைமங்கை உள்ளே ஓடி மலையைத் தோளில் தாங்குகிறாள். மற்ற நான்கு பேரும் வில்லனைத் துரத்திப் பறக்கிறார்கள். அதுவரைக்கும் எல்லோரும் ரசித்துத்தான் கேட்டார்கள். வில்லனைக் கடலில் துரத்துகிறார்கள், பனியில் துரத்துகிறார்கள், பக்கம் பக்கமாகத் துரத்துகிறார்கள். கண்ணம்மாள் கையை நிறுத்திவிட்டாள்.

"ஏங்கண்ணு செல்வி, அந்தப் புள்ளை இன்னும் மலையைப் புடிச்சிக்கிட்டேதான் நிக்குதா?"

"ஆமாங்க."

"மீதி நாலு பேரு என்ன பண்றாங்க?"

"வில்லனைப் புடிக்கப் போயிருக்காங்க."

"ஒருத்தனைப் புடிக்க நாலு பேரா? ஆளுக்கு ஒரு மூலை வந்து தோள் குடுக்க வேண்டாமா? இதென்ன செட்டு?"

ஆராயி சொன்னாள், "ஏனுங்கக்கா, பறக்கிறது நொம்பச் சுளுவு போல இருக்குது. அதான் அல்லாரும் பறக்கறாங்க."

கடைசிப் பக்கத்தில் கேப்டன் திரும்பி வந்து, களைப்பாக இல்லையா என்று கேட்கிறான். எனக்குக் களைப்பு என்பதே கிடையாது என்று அவள் சிரிக்கிறாள். முற்றும். நான் புத்தகத்தை மூடினேன். பாப்பாத்திதான் முதலில், "ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட நாதியில்லையா அவளுக்கு?" என்றாள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து கேப்டனைத் திட்டத் தொடங்கினார்கள். அந்தத் திட்டையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது.

ஒரு இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். சுரங்கத்திலிருந்து ஒரு கிழவரைப் பாறைமங்கை தூக்கி உட்கார வைக்கிறாள். அவர் முதல் வார்த்தையாக 'கேட்டைப் பூட்டினாயா?' என்று கேட்கிறார். வெளிநாட்டிலும் இப்படி ஒரு வாட்ச்மேன் இருக்கிறார் போல.

ஹாஸ்டல் விஷயம் யோசித்தாயா? ஹெலன் சிஸ்டர் மறுபடி கேட்டார்கள்.

அன்பு அக்கா
லூர்துசெல்வி


மாதா துணை
சிவகாசி
2.3.1987

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நாளை மறுநாள் சாம்பல் புதன். அப்பாவின் நெற்றியிலும் சாம்பல் பூச ஃபாதரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். 'சரிந்த மலை' நான் எழுதியது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய படங்கள் வரவில்லை. அச்சு மெஷின் சும்மா நிற்கிறது. பழைய இதழ்களை வெட்டி ஒட்டி எதையாவது செய்யப்பா என்றார் ஆசிரியர். கேப்டனின் அங்கி மாறியது அதனால்தான். ஆனால் பாறைமங்கை வருகிற படங்களை வெட்டி ஒட்டவில்லை. அத்தனையும் நானே வரைந்தேன். அவள் தலையைத் தாழ்த்தி நிற்பது நீங்கள் விறகுக்கட்டோடு நிற்கிற மாதிரியே இருக்கும், பாருங்கள். உங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் எழுதினேன். ஊர் ஊராகப் புகழ்கிறார்கள், நம் ஊரில் மட்டும் திட்டு விழுகிறது. உண்மையைச் சொன்னால் மனசு கஷ்டமாகிவிட்டது.

ஆனாலும் கண்ணம்மாள் அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. அடுத்த இதழையும் என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள். அதில் அவளை உட்கார வைக்கிறேன். தண்ணீரும் கொடுக்கச் செய்கிறேன். நீங்களே பாருங்கள்.

ஹாஸ்டல் வேலை நல்ல வேலைதான். ஆனால் அப்பாவை யார் பார்ப்பது? அதையும் யோசிக்க வேண்டும் அல்லவா?

அன்புத் தம்பி
ஜோசப்


மாதா துணை
சிவகாசி
10.4.1987

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அப்பாவுக்கு ஏதாவது முடியவில்லையா? உங்களுக்கா? இரண்டு வரியாவது எழுதிப் போடுங்கள். எனக்கு வேலையே ஓடவில்லை.

புது இதழ் அனுப்பியிருக்கிறேன். பெயர் 'பாறைமங்கையின் ஓய்வு'. அவளுக்கென்றே தனியாக வாசகர்கள் சேர்ந்துவிட்டார்கள். மதுரையில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து பாறைமங்கை மன்றம் வைத்திருக்கிறார்களாம். ஆசிரியர் என் தோளில் தட்டி, தொடர்ந்து எழுது, பெயரும் போடலாம் என்றார். பத்து வயதிலிருந்து நான் கனவு கண்டது இதுதான் என்று உங்களுக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு வர முயல்கிறேன். நிச்சயம் சொல்ல முடியாது.

அன்புத் தம்பி
ஜோசப்


மாதா துணை
வெள்ளக்கடை
26.4.1987

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். ஈஸ்டருக்கு நீ வருவாய் என்று அப்பாவுக்குச் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலைப் பார்த்துப் படுக்க வைத்திருந்தேன். முடியாது என்று முதலிலேயே எழுதியிருந்தால் வேட்டி மிச்சம்.

புது இதழைப் படித்தேன். கேப்டன் புயல் தானே நாற்காலி கொண்டுவந்து போடுகிறான், தீக்கண்ணன் தண்ணீர் கொடுக்கிறான், பாறைமங்கை உட்காருகிறாள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆராயி கைதட்டினாள். கண்ணம்மாள் மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"நாற்காலி போட்டாங்க, செரி. அவ உக்காந்திருக்கறப்ப மலையை ஆரு புடிச்சிருந்தாங்க கண்ணு?"

நான் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மலை படத்திலேயே இல்லை. நீ அதை வரையவே இல்லை.

ஜோசப், நான் இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உடம்பு இல்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் வந்தது, கிழித்துப் போட்டேன். நீ என்னை மலையைத் தாங்குகிறவளாகப் படம் வரைந்தாய். ஊரெல்லாம் பார்த்து அழுதார்களாம். எனக்கு முப்பத்தாறு வயசு. எனக்குக் களைப்பு உண்டு. காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறது. உன்னைச் சிவகாசி பஸ் ஏற்றிவிட்டபோது, எனக்கென்னடா கஷ்டம், நீ போய் வா என்று நான்தான் சொன்னேன். அது பொய். தம்பி நல்லா இருக்கட்டும் என்று சொன்ன பொய். அதை நீ இத்தனை வருஷமாக நிஜம் என்று வைத்துக்கொண்டாய்.

ஹாஸ்டலில் சேருவதாகச் சொல்லிவிட்டேன். ஜூன் முதல் தேதி போக வேண்டும். இது என் வாழ்க்கையில் என்னை வா என்று கூப்பிட்ட முதல் வேலை. நீ இங்கே வந்து அப்பாவோடு இருந்தாலும் சரி, அங்கே கூட்டிக்கொண்டு போனாலும் சரி. எது என்று எழுது.

அன்பு அக்கா
லூர்துசெல்வி


மாதா துணை
சிவகாசி
6.5.1987

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து மனசு உடைந்துவிட்டது. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. நீங்கள் வேலைக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். என் அறை மாடியில். படி குறுகல். குழாய் கீழே. இந்த ஊர் வெயில் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது. தீபாவளி மலருக்கு வைரப் படை முழு நீளக் கதை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அதில்தான் என் பெயர் வரப்போகிறது. இந்த நேரத்தில் விட்டால் மறுபடி பலூனுக்கு வெள்ளையடிக்கத்தான் விடுவார்கள். அடுத்த வருஷம் கீழ்வீடு ஒன்று பார்த்துவிடுவேன். ஹெலன் சிஸ்டரிடம் ஒரே ஒரு வருஷம் தவணை கேட்டுப் பாருங்களேன். இல்லாவிட்டால் செல்வமேரி அக்காவை முழுநேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவுக்கு என் முத்தங்கள்.

அன்புத் தம்பி
ஜோசப்


மாதா துணை
வெள்ளக்கடை
17.5.1987

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கோடை விழாக் கூட்டத்தால் ஒண்டிக்கடை பஜாரில் நடக்க வழியில்லை, தபால் போடப் போய் வரவே அரை நாள் ஆகிவிடும். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

செல்வமேரி மகளுக்குப் பேறுகாலம், அவள் ஆத்தூர் போகிறாள். சிஸ்டரிடம் நான் தவணை கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

வருகிற சனிக்கிழமை எஸ்டேட் லாரி மிளகு ஏற்றிக்கொண்டு விருதுநகர் போகிறது. ஓட்டுகிறவர் ஐயாக்கண்ணு அண்ணன். முன் சீட்டில் மெத்தை போட்டு அப்பாவைப் படுக்க வைத்துக் கொண்டுவருகிறேன் என்று அவரே சொன்னார். நானும் கூட வருகிறேன். அங்கிருந்து சிவகாசிக்கு வண்டி பிடித்து, ஒரு வாரம் உன்னோடு இருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்புவேன். படி குறுகல் என்றால் பிரஸ்ஸில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தூக்கு.

கொட்டகையில் எல்லோரும் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். பாப்பாத்தி பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்து ஒரு மூட்டை கட்டித் தந்திருக்கிறாள். கண்ணம்மாள் போகும்போது, "தம்பி நல்ல பையன்தான் கண்ணு, தூக்கிப் பழகலை, அம்புட்டுத்தான்" என்றாள். எனக்கும் அதுதான் எண்ணம்.

மாலை ஐந்து மணிவாக்கில் விருதுநகர் கமிஷன் மண்டி வாசலில் நில்.

அன்பு அக்கா
லூர்துசெல்வி


மாதா துணை
சிவகாசி
19.7.1987

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் திரும்பிப் போய் ஏழு வாரம் ஆகிறது. கடிதம் போடாததற்கு மன்னியுங்கள். பேனாவை எடுத்தால் அப்பா கூப்பிடுகிறார். கடிதம் சுருக்கமாகத்தான் இருக்கும்.

அப்பா இருக்கிறார். ஆசிரியர் அவருக்காகப் பிரஸ்ஸின் கீழ் அறையைக் கொடுத்தார், காகிதக் கட்டுகளை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தோம். புண் மறுபடி வந்துவிட்டது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என் முதுகு வலி தாங்கவில்லை. நான் புரட்டும்போது அவருக்கு வலிக்கிறது, அவர் கத்தும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. நேற்று அப்பாவை அதட்டிவிட்டேன். அப்புறம் வெளியே போய் நின்று அழுதேன்.

தீபாவளிக் கதையை முடிக்க முடியவில்லை. வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது வருகிற இதழ்களையும் அவரே எழுதுகிறார், அவற்றில் பாறைமங்கை இல்லை. அவள் எங்கே என்று வாசகர்கள் கேட்டுக் கேட்டு எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதும் வேலை மட்டும் எனக்கு மிஞ்சியிருக்கிறது. பரமக்குடியிலிருந்து ஒரு பெண், அத்தனை நேரம் அவள் எப்படி மலையைத் தாங்கினாள், அவளுடைய சக்தியின் ரகசியம் என்ன என்று கேட்டிருக்கிறாள். மூன்று நாளாக அந்தக் கார்டு என் மேஜையில் கிடக்கிறது. கதையை எழுதியவன் நான்தான். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை.

அக்கா, எப்படித் தாங்கினீர்கள்?

அன்புத் தம்பி
ஜோசப்


மாதா துணை
சேலம்
27.7.1987

அன்புள்ள தம்பிக்கு,

ஹாஸ்டல் விலாசம் உனக்குத் தராமல் வந்துவிட்டேன், உன் கடிதம் வெள்ளக்கடைக்குப் போய், ஆத்தூரிலிருந்து திரும்பிய செல்வமேரி மூலமாக இங்கே வந்தது. நான் சுகம். நாற்பது பிள்ளைகள், நாற்பது விதமான சேட்டை. எனக்கென்று ஒரு கட்டிலும் ஜன்னலும் இருக்கின்றன. வந்த முதல் வாரம் படுத்தால் விடிகிறவரை எழுந்திருக்கவே இல்லை.

தாங்கவில்லை ஜோசப். வேறு ஆள் வரவில்லை, அதனால் நின்றேன். அந்தப் பெண்ணுக்கு இதை எழுத வேண்டாம், பாவம் அந்தப் பிள்ளை, கதை என்று நினைத்துக் கேட்கிறாள்.

அப்பாவைப் புரட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்து முழங்காலை மடக்கி வை. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். இழுக்காதே, உருட்டு. உன் காலை அகட்டி நில், முதுகு வலிக்காது. புண்ணைத் துடைத்தபின் காற்றாட விடு. கஞ்சி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே, அரை மணி கழித்து மறுபடி கொண்டு போ. நானும் அவரை அதட்டியிருக்கிறேன். உன்னைவிடக் கேவலமாக. அவர் மறந்துவிடுவார், நீயும் மறந்துவிடு.

மாதத்தில் முதல் சனி, ஞாயிறு எனக்கு விடுப்பு. வருகிற ஆகஸ்டிலிருந்து தவறாமல் வருகிறேன். சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். சமையல் எதுவும் செய்து வைக்காதே, ஸ்டேஷனுக்கும் வராதே. நான் வந்ததும் அப்பாவை என்னிடம் விட்டுவிட்டு, நீ போய்த் தூங்கு.

அன்பு அக்கா
லூர்துசெல்வி